காளீஸ்வரி போன தெரு

ஐப்பசி அடைமழையில் ஏலக்காய் எடுத்துக்கொண்டிருந்த காளீஸ்வரியின் மேல் மரக்கிளை முறிந்து விழுந்தது. எஸ்டேட்டிலிருந்து ஜீப்பில் போடிக்குக் கொண்டுவரும் வழியிலேயே உயிர் போய்விட்டது. மறுநாள் பகலில் ஆஸ்பத்திரியில் உடலை வாங்கி, மலையடிவாரத்து ஊரில் அவள் இருந்த காலனிக்குக் கொண்டுபோனார்கள்.

சேதி கேட்டதும் பொன்னுமணி டீச்சர் ஆட்டோ பிடித்து ஓடினார். போடியில் சபைப் பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் கோயில் ஹாலில் உட்கார்ந்து, எஸ்டேட்டுக்குப் போகும் பெண்களுக்கு நலவாரிய மனு எழுதிக் கொடுப்பார். நாலு வருஷமாக அந்தப் பெண்களைத் திரட்டிக் கூட்டிவந்தவள் காளீஸ்வரிதான். சாமி வேறு, சாதி வேறு. ஆனாலும் டீச்சரின் கணவர் சாமுவேல் இறந்த வாரம் முழுக்க, வேலையை விட்டுவிட்டுக் கூடவே இருந்தவள்.

டீச்சர் பிறந்ததும் அந்த ஊரில்தான்; பெரிய தெருவில், நிலபுலம் உள்ள குடும்பத்தில். சாமுவேலைக் கட்டிக்கொண்டு ஞானஸ்நானம் எடுத்தபோது முறுக்கிக்கொண்டு போன பிறந்த வீடு, நாளடைவில் சேர்ந்துகொண்டது. அண்ணன் மலைச்சாமி ஒரு பொங்கலுக்கும் சீர் கொண்டுவரத் தவறியதில்லை.

காலனியில் பாடை கட்டி முடித்து வெகுநேரமாகியும் எடுக்கவில்லை. "யாருக்குக் காத்திருக்கீங்க?" என்று காளீஸ்வரியின் கணவன் வீரையாவிடம் டீச்சர் கேட்டார்.

"யாருக்கும் இல்ல டீச்சரம்மா. சுடுகாட்டுக்கு எங்காளுகளை ஓடை வழியாத்தான் தூக்கிட்டுப் போகணும். ஓடையில நெஞ்சளவு தண்ணி இழுக்குது."

"பெரிய தெரு வழியாப் போறது?"

வீரையா அவரை ஏறிட்டுப் பார்த்தான்.

டீச்சருக்கு முகம் சுட்டது. இருபது வருஷம் வளர்ந்த தெரு அது. அப்பாவின் பாடை பூப்போட்டு அந்தத் தெருவில்தான் போயிற்று. காலனியில் செத்தவர்கள் எந்த வழியாகப் போகிறார்கள் என்று ஒருநாளும் அவர் நினைத்துப் பார்த்ததில்லை.

அதிகாரிகளுக்குப் போன் போட்டார். தண்ணீர் வடியட்டும், நாளைக்குப் பார்க்கலாம் என்றார்கள். பாஸ்டரைக் கூப்பிட்டுப் பேசினார். சபைக் கல்லறைத் தோட்டத்தில் சாமுவேலுக்குப் பக்கத்தில் தமக்கென்று வைத்திருந்த இடத்தைக் காளீஸ்வரிக்குக் கொடுக்க அனுமதி கேட்டார். பாஸ்டர் கொஞ்சம் தயங்கி, சம்மதித்தார்.

வீரையாவிடம் சொன்னபோது அவன் கைகூப்பினான்.

"பெரிய மனசு டீச்சரம்மா. ஆனா வேண்டாம். அவளை நீங்க வாங்கிக்கிருவீங்க. அடுத்த சாவுக்கு நாங்க யாருகிட்ட இடம் கேக்குறது? அவ இந்த ஊருக்காரி. இந்த ஊரு ரோட்டுல போகட்டும்."

டீச்சர் அப்படியே உட்கார்ந்துவிட்டார். எதைக் கொடுத்தால் ஊரோடு மோதாமல் தப்பலாமோ அதைக் கொடுக்கத்தான் தாம் ஓடிவந்தோம் என்று புரிந்தது. நாயீன் ஊர் வாசலில் விதவை மகனின் பாடையை இயேசு தொட்டு எழுப்பிய கதையை முப்பது வருஷம் பிள்ளைகளுக்குச் சொல்லியிருக்கிறார். தொட்டால் தீட்டு என்று இருந்த ஊரில்தான் தொட்டார் என்பது இன்றைக்குத்தான் உறைத்தது.

எழுந்து சேலையை இழுத்துச் செருகினார். "தூக்குங்கப்பா. நான் முன்னால போறேன்."

"பொம்பளைக சுடுகாட்டுக்கு வர்றதில்லையே..." என்றான் வீரையா.

"எங்க சபையில வருவோம்."

மழை தூறிக்கொண்டிருந்தது. பெரிய தெரு முனையில் பத்துப் பதினைந்து பேர் மறித்து நின்றார்கள். நடுவில் மலைச்சாமி.

"பொன்னு, நீ இங்கிட்டு வா. இது உன் சோலி இல்ல."

"நான் இந்தத் தெருவுல பொறந்தவ. என் சோலிதான் அண்ணே."

"இவுக கூட இதைத் தாண்டினா உனக்குப் பொறந்த வீடு கிடையாது, ஆத்தா. யோசிச்சுக்க."

அண்ணனுக்குக் கண் கலங்கியிருந்ததை டீச்சர் பார்த்தார். பக்கத்தில் திரும்பி, பாடையின் மூங்கிலை ஒரு கையால் பிடித்துக்கொண்டார்.

"சரிண்ணே" என்று சொல்லிவிட்டு நடந்தார்.

ஒருவன் கம்போடு முன்னால் வந்தான். "என் தங்கச்சி மேல எவனும் கை வைக்கக் கூடாது!" என்று மலைச்சாமி அலறினார். அதற்குமேல் ஒருவரும் நெருங்கவில்லை. மலைச்சாமி முகத்தைத் திருப்பிக்கொண்டு வீட்டுக்குள் போய்விட்டார். தெரு நெடுகக் கதவுகள் அடைபட்டன. பாடையைத் தூக்கிக்கொண்டு அவர்கள் தெருவைக் கடந்து போனார்கள்.

குழியை மூடியதும் வீரையா, "உங்க சாமிகிட்ட ஏதாவது சொல்லணும்னா சொல்லுங்க" என்றான். டீச்சர் ஈர மண்ணில் முழங்கால் போட்டார். காளீஸ்வரிக்காக ஜெபிக்கத் தொடங்கியவர், தமக்கு மன்னிப்புக் கேட்டு முடித்தார்.

அந்த வாரமே அவரும் வீரையாவும் கலெக்டர் ஆபீசுக்குப் போய், பெரிய தெரு வழியாகச் சுடுகாட்டுக்குப் பாதை கேட்டு மனுக் கொடுத்தார்கள். மார்கழியில் காலனியில் ஒரு கிழவர் இறந்தார். போலீஸ் காவலோடு பெரிய தெரு வழியாகவே கொண்டுபோனார்கள். தைப் பொங்கலுக்கு மலைச்சாமி வரவில்லை. டீச்சர் சாயங்காலம் வரை வாசல் கதவைத் திறந்தே வைத்திருந்தார். பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு காலனிக்குப் பஸ் ஏறினார்.