பத்து நாள் விடுப்பும் வழியனுப்பு விழாவும்

பத்து நாளைக்கு எடின்பரோ போய் வருகிறேன் என்று நான் சொன்னபோது, எங்கள் குழந்தைகள் வார்டில் ஒருத்திகூட அந்தப் 'போய் வருகிறேனை' நம்பவில்லை. நைஜீரியாவின் இபாதானிலிருந்து ஒரு நர்ஸ் பிரிட்டனுக்கு விமானம் ஏறினால் திரும்பமாட்டாள். போன வருடம் மட்டும் எங்கள் வார்டிலிருந்து நான்கு பேர் அப்படிப் போனார்கள்.

"எனக்கு அங்க வேலையும் வேண்டாம், ஒரு மண்ணும் வேண்டாம். மலை மேல ஒரு கோட்டை இருக்கு. காலண்டர்ல பார்த்தேன், நேர்ல பாக்கணும்" என்றேன்.

"பாருங்க மேட்ரன் அம்மா, நல்லா பாருங்க" என்று கண்ணடித்தாள் அதேசேவா. எனக்கு அடுத்த நிலையில் இருப்பவள். "கோட்டைக்குப் பக்கத்துல ஏதாவது ஆஸ்பத்திரி இருந்தா அதையும் பாத்து வைங்க."

விசா கொடுப்பவர்களுக்கும் இதே சந்தேகம்தான். புருஷன் செத்துவிட்டான், மகன் வளர்ந்துவிட்டான், இவள் எதற்குத் திரும்பி வருவாள்? சம்பளச் சீட்டு, வீட்டுப் பத்திரம் என்று கேட்டு மூன்று மாதம் இழுத்தடித்துவிட்டு, கடைசியில் முத்திரை குத்தினார்கள்.

கிளம்புவதற்கு முந்தின வெள்ளிக்கிழமை மதியம் வார்டுக்குள் நுழைந்தால், பதினேழு பேர் ஒரே ஊதாத் துணியில் தைத்துப் போட்டுக்கொண்டு நிற்கிறார்கள். கல்யாணத்துக்கும் சாவுக்கும் எங்களவர்கள் அப்படித்தான் ஒரே துணி எடுப்பார்கள். எனக்கும் ஒன்று தைத்து வைத்திருந்தார்கள். அண்டா நிறைய, தக்காளியும் மிளகாயும் போட்டு வேகவைத்த ஜொல்லாஃப் சோறு, பொரித்த ஆட்டுக்கறி. எனக்கு அங்கே கிடைக்கப்போகும் வேலை நிலைக்கவேண்டும் என்று பாஸ்டர் கண்ணை மூடிக்கொண்டு ஜெபித்தார். அதேசேவா ஒரு தடித்த குளிர்க்கோட்டை என் தோளில் போர்த்திவிட்டு அழுதாள்.

"பதினெட்டாம் தேதி, திங்கக்கிழமை, காலை ஷிஃப்டுக்கு வந்துடுவேன்" என்று எல்லோருக்கும் கேட்கும்படிச் சொன்னேன்.

சிரித்துக் கைதட்டினார்கள். எனக்கு வந்த கோபத்தில் மூன்று தட்டு ஜொல்லாஃப் சாப்பிட்டேன்.

எடின்பரோ விமான நிலையத்தில் கண்ணாடிக் கூண்டுக்குள் இருந்தவன் என் தாள்களைப் புரட்டினான்.

"நர்ஸா? எதுக்கு வந்திருக்கீங்க?"

"பாக்க."

"என்னத்தப் பாக்க?"

"உங்க ஊர. ஏன், பாக்கற மாதிரி இல்லையா?"

அவன் முத்திரை குத்தினான்.

ஊர் எப்படி? நானே சொல்கிறேன், காசு கொடுத்துப் பார்க்கப் போனவள் நான். கோட்டை அழகு, அதில் குறை சொல்ல முடியாது. மழைக்கு வேறு வேலையே இல்லை. சாப்பாட்டில் உப்பும் கிடையாது, உறைப்பும் கிடையாது. பஸ்ஸில் ஏறி நான் காலை வணக்கம் சொன்னால், ஏதோ திருட வந்தவளைப் போலப் பார்க்கிறார்கள். விடுதிக்காரி நல்லவள்தான். ஆனால் முதல் நாளே, "எந்த ஆஸ்பத்திரில சேரப் போறீங்க?" என்று கேட்டாள். ஆஸ்பத்திரி எதிலும் இல்லை, கப்பலில் போய் திமிங்கிலம் பார்க்கப் போகிறேன் என்றேன். திமிங்கிலம் வரவில்லை. வாந்திதான் வந்தது.

ஆனால் ஒரு சாயங்காலம் கோட்டை மதிலில் சாய்ந்து நின்றேன். கீழே ஊரெல்லாம் விளக்கேற்றிக்கொண்டிருந்தது. ஐம்பத்திரண்டு வயதில், யாருக்கும் ஊசி போடாமல், யாருக்கும் சமைக்காமல் எனக்குக் கிடைத்த முதல் சாயங்காலம் அது. அழுதுவிட்டேன். சந்தோஷத்தில்தான் அழுதேன்.

பதினெட்டாம் தேதி காலை ஏழு மணிக்குச் சீருடையோடு வார்டுக்குள் நுழைந்தேன். தரை துடைத்துக்கொண்டிருந்தவள் வாளியைக் கீழே போட்டாள்.

"ஐயோ! மேட்ரன் அம்மாவ பிடிச்சு அனுப்பிட்டாங்க!"

என் நாற்காலியில் அதேசேவா இருந்தாள். துள்ளி எழுந்து, முழங்காலை மடக்கி வணங்கி, என் மணிக்கட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"விலங்கு போட்டாங்களாம்மா?"

"அடிப்பாவி, என் லீவு முடிஞ்சுதுடி!"

"ஆமா ஆமா, யார் கேட்டாலும் அப்படியே சொல்லுங்க. மனச விட்டுடாதீங்கம்மா. எங்க பெரியப்பா பையன மூணு தடவ திருப்பி அனுப்பினாங்க. நாலாவது தடவ போய்ச் சேர்ந்துட்டான்."

போனில் கோட்டைப் படங்களைக் காட்டினேன். "பாவம், பிடிபடறதுக்குள்ள நாலு போட்டோவாவது எடுத்தாங்களே" என்றாள் ஒருத்தி. இரக்கத்தைவிட எரிச்சலூட்டுவது உலகத்தில் எதுவும் இல்லை.

பத்து மணிக்கு ஆஸ்பத்திரியின் தலைமை நர்ஸ் அலாபா அம்மா கூப்பிட்டனுப்பினார். நல்ல மனுஷி, சுற்றி வளைக்கத் தெரியாதவர்.

"நீ வரமாட்டேன்னு நெனச்சு, உன் எடத்துக்கு அதேசேவா பேர மேல எழுதி அனுப்பிட்டேன். இன்னும் கையெழுத்து ஆகல. 'வெளிநாட்டு முயற்சி கைகூடவில்லை, கருணை கூர்ந்து மீண்டும் சேர்த்துக்கொள்ளவும்'னு ஒரு வரி எழுதிக் குடு. எரக்கப்பட்டு விட்டுடுவாங்க. மீதிய நான் பேசிக்கறேன்."

ஒரு வரிதான். எழுதினால் இருபத்தாறு வருடம் உழைத்து வாங்கிய நாற்காலி எனக்கே. தாளை இழுத்து எழுதினேன்: 'விடுப்பு முடிந்தது. பணிக்கு வந்துவிட்டேன்.'

அலாபா அம்மா கண்ணாடியைக் கழற்றினார். "இத ஒருத்தனும் நம்பமாட்டான். எடம் போயிடும்டி."

"போகட்டும். பண்ணாத முயற்சி கைகூடலன்னு என் கையால எழுதமாட்டேன். வெள்ளக்காரன் ஊரப் பாக்க வர்றானே, அவன் வேலை தேடி வந்தான்னு நாம சொல்றோமா? நானும் ஊரப் பாக்கப் போனேன், பாத்தேன், வந்தேன். என் எடத்த எடுத்தா மேலிடத்துக்கு நடந்தே போய்க் கேப்பேன். இன்னொரு தாள் குடுங்க."

"எதுக்கு?"

"அடுத்த வருஷ லீவுக்கு இப்பவே எழுதிக் குடுத்துடறேன். ஏப்ரல்ல ஜப்பான்."

அவர் கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார். பிறகு எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்து, குரலைத் தாழ்த்தினார்.

"ஜப்பான்ல நர்ஸுக்கு எவ்வளவு குடுக்கறாங்க?"

"தெரியாதும்மா. செர்ரிப்பூ எப்பப் பூக்கும்னு மட்டுந்தான் விசாரிச்சேன்."