பெயர் மாறிய டப்பா

கிழக்கு வெளுக்குமுன்பே சலவைக்கூடத்தில் நீராவி மண்டிவிடும். சூடான உருளையிலிருந்து இறங்கும் படுக்கை விரிப்பை இந்த முனையில் பெரியக்கா பிடிப்பாள், அந்த முனையில் எதிர்க்கட்சி பிடிப்பாள். உதறு, இழு, மடி, நெருங்கு, சேர். ஒருத்தி கை தளர்ந்தால் மற்றவள் தோள் கழன்றுவிடும். எதிரே நிற்கிறாள், எதற்கெடுத்தாலும் எதிர்த்துப் பேசுகிறாள். அதனால்தான் சின்னவளுக்கு அந்தப் பெயர்.

பெரியக்காவுக்குப் பதினோரு வருடமாகச் சர்க்கரை. அந்த மாத்திரையை மறக்கமாட்டாள். பிரஷர் மாத்திரையைத்தான் நிறுத்திவிட்டாள். அதைப் போட்டால் அடிக்கடி ஒதுங்க வேண்டியிருந்தது. கழிப்பறைச் சாவியோ மேனேஜர் இடுப்பில் இருந்தது. ஒரு ஷிப்டுக்கு இரண்டு தடவைதான் அது இடுப்பைவிட்டு இறங்கும். அவரைச் சாவிக்கொத்து என்றால்தான் எல்லோருக்கும் தெரியும். அந்த அனலிலும் பெரியக்கா நாக்கு நனையத்தான் தண்ணீர் குடிப்பாள். சாயங்காலம் வீங்கிய காலில் செருப்பு வார் பதிந்திருக்கும். நின்ற கால் வீங்காமல் என்ன செய்யும் என்று தேற்றிக்கொள்வாள்.

அப்படிப்பட்ட இடத்தில் இலவச மருத்துவ முகாம் என்று அறிவிப்பு ஒட்டினார்கள்.

“தண்ணியவே அளந்து விடுறவங்க வைத்தியத்தை வாரி விடுறாங்களாம். ஆடு நனையுதுன்னு ஓநாய் அழுதுச்சாம்” என்றாள் எதிர்க்கட்சி.

பெரியக்காவும் நம்பவில்லை. போன வருட முகாமுக்குப் பிறகுதான் கொதிகலன்காரரை, ‘உடம்பைப் பாத்துக்கோங்க’ என்று சிரித்தபடியே வெளியே அனுப்பினார்கள். நர்ஸின் பேனாகூட வேவு பார்ப்பதாகத்தான் பட்டது. கையில் பிரஷர் பட்டை இறுகி எண் ஏறியபோது, “படியேறி வந்தேம்மா” என்று மழுப்பினாள். சிறுநீர் பிடிக்க டப்பாவைக் கொடுத்ததும் சின்னவளைத் தனியே இழுத்தாள்.

“உனக்குக் கல்லு மாதிரி உடம்பு. எனக்கும் சேத்து நீயே பிடிச்சுக் குடுத்துருடி.”

“இதுக்குமா வாடகைக்கு ஆளு? சரி, எதுக்கும் உன் டப்பாவையும் நிறைச்சு வை.”

விடிந்ததிலிருந்து தண்ணீர் காணாத உடம்பில் இரண்டு டப்பாவுக்கு எங்கே போவது? சாவிக்கொத்து வேறு கதவைத் தட்டிக்கொண்டே இருந்தார். ஒன்றுதான் நிறைந்தது. எதிர்க்கட்சி அதில் பெரியக்கா பெயரை எழுதினாள். பெரியக்காவின் நுரை தள்ளிய டப்பாவில் தன் பெயரை எழுதினாள். முப்பத்துநாலு வயதுக்காரியை எவன் சந்தேகப்படுவான்?

சனிக்கிழமை சாவிக்கொத்து மடிப்பு மேசைக்கே வந்தார்.

“உனக்கு யூரின்ல புரதம் போகுது. கிட்னி கெட்டிருக்கு. திங்கள்லேருந்து வர வேணாம், உன் நல்லதுக்குத்தான்.”

எதிர்க்கட்சி பிடித்திருந்த முனை தரையில் விழுந்தது. தன் முனையைப் பிடித்தபடி நின்ற பெரியக்காவுக்குப் புரிந்துவிட்டது, கெட்டது யாருடைய கிட்னி என்று. சொன்னால் தன் வேலை போகும். சொல்லாவிட்டால் இவள் வேலை போகும்.

இந்த ஆள் பொய்யும் சொல்வானே என்று ஒரு சந்தேகம். ஷிப்ட் முடிந்ததும் நர்ஸைத் தேடி ஆஸ்பத்திரிக்கே போனாள்.

“கிட்னி கெட்டிருக்குன்னு சின்னவளை வேலையவிட்டு எடுக்கிறாங்க. அது என் டப்பாம்மா. அவங்ககிட்ட சொல்லிருவியா?”

நர்ஸ் திகைத்தாள். “நான் யாரையும் வேலையவிட்டு எடுக்கச் சொல்லலையே! மாத்திரை, தாகத்துக்குத் தண்ணி, மூணு மாசத்துக்கு ஒரு டெஸ்ட்டுன்னு ஒவ்வொருத்தருக்கும் தாள் எழுதினேனே. குடுக்கலையா?”

“கண்ணுலயே காட்டல.”

“கிட்னி ஒரு வடிகட்டிம்மா. வலிக்காது, அதான் தெரியல. சர்க்கரை அதை நைய வைக்கும். மேல பிரஷரும் சேந்து அமுக்கினா, தங்க வேண்டியது ஒழுகிடும்.”

பெரியக்காவுக்குத் துவைக்கும் இயந்திரத்தின் நூல்வலை நினைவு வந்தது. தண்ணீர் வேகம் கூடிய நாளில் வலை கிழிந்து பஞ்செல்லாம் சாக்கடையில் போனது. அன்று வேகத்தைத்தான் குறைத்தார்கள். இயந்திரத்தைத் தூக்கி எறியவில்லை.

“இப்போ பிரஷரைக் குறைச்சா? அந்த மாத்திரை போட்டா அடிக்கடி ஒதுங்கணுமேன்னு நிறுத்திட்டேன்.”

“கிழிஞ்சதைத் தைக்க முடியாது. மிச்சத்தை ரொம்ப வருஷம் காப்பாத்தலாம். அடிக்கடி ஒதுங்க வைக்காத மாத்திரையும் இருக்கு. வாங்க, டாக்டரையே கேப்போம்.”

திங்கள் விடியலில் உருளையிலிருந்து விரிப்புகள் இறங்கி இறங்கி மலையாகக் குவிந்தன. ஒருவரும் தொடவில்லை. முதலாளியே வந்துவிட்டார்.

“மறுமுனையை யாராவது பிடிங்க!”

“பிடிக்கிறவ கேட்டுக்கு வெளிய நிக்கிறா, முதலாளி” என்றாள் பெரியக்கா.

“சீக்காளிக்குச் சோறு போட இது என்ன சத்திரமா?”

“சீக்காளி அவ இல்ல. நான். டப்பா என்னுது.”

“அப்ப நீ வெளிய போ!”

“போறேன். என் தாளைக் குடுங்க. அதுல வெளிய போன்னா எழுதியிருக்கு?”

முதலாளி சாவிக்கொத்தைப் பார்த்தார். சாவிக்கொத்து தரையைப் பார்த்தார்.

துவைக்கும் பக்கத்திலிருந்து ஒருவர் வந்தார். சட்டைப்பையிலிருந்து மாத்திரை அட்டையை எடுத்து மேசைமேல் வைத்தார். “எனக்கு ஏழு வருசமா பிரஷர். என் தாள் எங்க?” தையல்காரி முந்தானை முடிச்சை அவிழ்த்தாள். “எனக்குச் சர்க்கரை.” ஒருவருக்கொருவர் தெரியாமல், பக்கத்தில் நிற்பவரே போட்டுக் கொடுத்துவிடுவார் என்று பயந்து, இத்தனை நாள் ஒளித்த அட்டைகள். மேசை நிறைந்தது.

“தாள் எங்க கைக்கு வரணும். கழிப்பறைக்குப் பூட்டு கூடாது. அவ உள்ள வரணும்” என்றாள் பெரியக்கா. “அதுவரைக்கும் விரிப்பு அப்படியே கெடக்கும்.”

“யோசிக்கிறேன்” என்று முதலாளி காரைப் பார்த்து நடந்தார். அதை யாரும் நம்பவில்லை.

பெரியக்கா புது மாத்திரையை வாயில் போட்டு, சாவிக்கொத்தின் கண்ணெதிரே ஒரு டம்ளர் தண்ணீரை முழுசாகக் குடித்தாள். பிறகு தையல்காரி குடித்தாள். பிறகு எல்லோரும் குடித்தார்கள். கழிப்பறையில் பூட்டு தொங்கிக்கொண்டுதான் இருந்தது. தண்ணீர்க் குடத்தைத் தூக்கிக்கொண்டு எல்லோரும் வாசலுக்கு நடந்தார்கள். கேட்டுக் கம்பிகளுக்கு இடையே டம்ளர் போனது.

எதிர்க்கட்சி ஒரே மூச்சில் குடித்துவிட்டு வாயைத் துடைத்துக்கொண்டாள்.

“இப்பக் கொண்டாக்கா டப்பாவை. ரெண்டென்ன, நாலு நிறைக்கிறேன்.”

“வேணாண்டி. இனிமே என் டப்பாவுல என் பேருதான்” என்றாள் பெரியக்கா.