இழுமிக்கு நாற்பத்திரண்டு புள்ளி

"மார்ச் ஒன்பது. நேற்றைய குறிப்பில் சிறு பிழை. அம்மா இறந்தபின் அவள் நாற்காலி நான்கு ஆண்டுகள் சூடாக இருந்தது என்று எழுதிவிட்டேன். சரியானது: நான்கு ஆண்டு, இரண்டு மாதம்."

இதை எழுதியவன் தராசு பழுதுபார்க்கிறவன்; எதையும் இப்படித்தான் திருத்துவான். திருத்தியதையும் ஒருமுறை சந்தேகப்படுவான். நாற்காலி விஷயத்தில் சந்தேகமில்லை. சமையலறை ஜன்னலோரப் பிரம்பு நாற்காலியிலிருந்து எழுந்துபோய்ப் படுத்த அம்மா பிறகு எழவில்லை. இருக்கையின் சூடு மட்டும் ஆறாமல் இருந்தது. சட்டைத் தொழிற்சாலையில் காஜா எடுக்கும் அக்கா, வேலை முடிந்து வந்ததும் பையைக்கூட இறக்காமல் கால்மணி நேரம் அதில் உட்காருவாள். ஒருவர் எழுந்துபோன இடத்தில் மிஞ்சும் கதகதப்புக்கு 'இழுமி' என்று மூன்று வயதில் பெயர் வைத்தவள் அவள்தான். வீட்டுக்கு வெளியே அந்தச் சொல் யாருக்கும் தெரியாது.

அவன் அகராதித் தொகுப்பு படித்த மாலை வகுப்பில் ஆண்டுக்கொருமுறை, எழுத்துக்கட்டைகளை அடுக்கிச் சொல் அமைக்கும் ஆட்டம் நடக்கும். இறுதிச் சுற்றில் முப்பத்தேழு புள்ளி பின்தங்கியிருந்தான். கையில் இ, ழு, மி. புள்ளியை மும்மடங்காக்கும் கட்டங்கள் காலியாக இருந்தன. வைத்துவிட்டான்.

"இது எங்க புழங்குற வார்த்தை தம்பி?" என்றார் நடுவராக இருந்த ஆசிரியை.

வீட்டுச் சொல் என்றால் செல்லாது. "ஏதோ பழைய நூல்ல படிச்சது மேடம்" என்றான். நாற்பத்திரண்டு புள்ளி விழுந்தது. வென்றவன் பெயர் பலகையிலும், சொல், மூலம் 'பழைய நூல்' என்ற குறிப்போடு, வகுப்பின் அகராதி அட்டையிலும் ஏறின.

அன்று மாலையே பிரம்பு நாற்காலி ஆறிப்போனது. வகுப்பில் அவன் உட்கார்ந்து ஆடிய இரும்பு நாற்காலி சூடேறி அப்படியே நின்றது.

அவன் நடந்ததைச் சொன்னதும் அக்கா பிரம்பு இருக்கையை இரண்டு கையாலும் தடவிப் பார்த்தாள். "அதையும் கொண்டுபோய் ஆட்டத்துல வச்சிட்டியாடா? என்கிட்ட கேட்கணும்னு தோணலையா?"

அவன் பையை ஆணியில் மாட்டினான்.

"ஜெயிச்சதுக்கு என்ன குடுத்தாங்க?"

"பேனா."

"எழுதுதா?"

"மை கசியுதுக்கா."

சொல்லை எடுத்துவிட முடியுமா என்று அவன் போய்க் கேட்டதற்கு, ஏறிய சொல்லை எடுக்கும் வழக்கமில்லை, மூலத்தை வேண்டுமானால் திருத்தலாம் என்றார் ஆசிரியை. திருத்தினால் வெற்றி செல்லாது, பலகையில் பெயரும் இருக்காது. ஏழு மாதம் அகராதி அட்டைகள் இருந்த பெட்டியைத் தாண்டிப் போனான், வந்தான். குளிர்மாதங்களில் இரும்பு நாற்காலிக்கு அடிதடி. சாப்பாட்டு டப்பாவைச் சூடாக்க வைப்பவர்களும் உண்டு. அக்கா மாலை வகுப்பில் சேர்ந்தாள்; புத்தகம் வாங்கவில்லை. வந்ததும் கால்மணி நேரம் அந்த நாற்காலியில் உட்கார்ந்துவிட்டுப் போய்விடுவாள். இப்போதெல்லாம் இழுமி என்று சொல்வதில்லை, 'அது' என்பாள். யாரும் அவளை எதுவும் கேட்பதில்லை, இடம் விடுகிறார்கள்.

மார்ச் ஒன்பதாம் தேதிக் குறிப்பின் கடைசி வரிகள் இவை: "நாளை: ஐந்தரைக்குள் வகுப்புக்குப் போக வேண்டும். அட்டையில் 'பழைய நூல்' என்பதை அடித்து, 'என் அக்கா, மூன்று வயதில், சமையலறையில்' என்று எழுத வேண்டும். பேனாவைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். அக்கா வரும்வரை நாற்காலியில் யாரும் டப்பா வைக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும்."