ப்ளீஸ் சாரின் அக்கா

சோப்புத் தொழிற்சாலையில் முதுகுக்குப் பின்னால் எல்லாரும் அவனை 'ப்ளீஸ் சார்' என்றுதான் சொல்வார்கள். மேலாளர் ஆனதிலிருந்து வேலையிடத்தில் அவன் வாயில் தமிழ் வருவதே இல்லை. லாரியை நகர்த்தச் சொல்வதற்குக்கூட "குட் யூ ப்ளீஸ்" என்று ஆரம்பிப்பான். அந்தப் பூசி மெழுகலுக்குள் 'செய்யாவிட்டால் சீட்டைக் கிழித்துவிடுவேன்' என்பது இருக்கிறதென்று கொதிகலன் ஆட்களுக்கும் தெரியும்.

அவனுடைய அக்காவுக்கு அதைக் கேட்டாலே குமட்டும். ஆய்வுக்கூடம் அவள் பொறுப்பு. அம்மா போன பிறகு அவனுக்குத் தலை வாரிவிட்டதும் அவள்தான், இங்கிலீஷ் சொல்லிக்கொடுத்ததும் அவள்தான். ஆகவே புரியாமல் குமட்டவில்லை, நன்றாகப் புரிந்துதான் குமட்டியது. வீட்டில் "அக்கா, நீ" என்று ஒட்டிக்கொள்கிறவன், வேலைக்கு வந்ததும் அவளையும் அந்த 'யூ'வுக்குள் தள்ளிவிடுவான். அதில் அக்காவும் ஒன்றுதான், லாரிக்காரரும் ஒன்றுதான். ஆபீஸ் என்றால் அப்படித்தான் போலிருக்கிறது என்று அவளும் பொறுத்துப் போனாள்.

போன மாதம் ஒரு டேங்கர் நிறைய கெட்டுப்போன காறல் எண்ணெய் வந்தது. அக்கா திருப்பி அனுப்பச் சொன்னாள். "வி குட் பெர்ஹாப்ஸ் யூஸ் இட்" என்று இழுத்தான் அவன். அந்த இழுப்புக்கு உத்தரவு என்று அர்த்தம். எழுத்தில் கொடுக்காமல் வாய்வார்த்தையாகச் சொன்னதோடு அவள் விட்டது தப்பு. வாசனையை இரண்டு பங்கு ஊற்றி எண்ணெயைக் கொதிக்கவிட்டார்கள். இப்போது கடைகளிலிருந்து சோப்பு பெட்டி பெட்டியாகத் திரும்பி வந்தது, பிணநாற்றத்தோடு.

முதலாளியம்மா இருவரையும் அறைக்குக் கூப்பிட்டார். மூக்கைப் பொத்திக்கொண்டு, யார் சொல்லி இதைச் செய்தீர்கள் என்று கேட்டார். தம்பி இங்கிலீஷில் ஆரம்பித்தான். தவறு நேர்ந்துவிட்டதாம். பயன்படுத்தலாம் என்று கருதப்பட்டதாம். நாம் இன்னும் கவனமாக இருந்திருக்கலாமாம். ஆக, யாருமே ஒன்றும் செய்யவில்லை, எண்ணெய் தானாக நடந்துபோய்க் கொதிகலனில் குதித்துவிட்டது. இந்தப் பேச்சுக்கு அந்தச் சோப்பே தேவலை என்று அக்காவுக்குத் தோன்றியது.

முதலாளியம்மாவுக்குப் பொறுமை போய்விட்டது.

"தமிழ்ல சொல்லுங்க. சரின்னு சொன்னது யாரு?"

அக்காவுக்கு மூச்சு வந்தது. தமிழில் அவன் அவளைப் பற்றிப் பொய் சொன்னதே இல்லை.

தம்பி பணிவாக அக்கா பக்கம் திரும்பினான்.

"மேடம், நீங்கதானே பரவாயில்லன்னு சொன்னீங்க?"

பேச்சு வந்த நாளிலிருந்து அவளை அவன் 'நீங்க' என்றதில்லை. நான் சொல்லவில்லை என்று அவள் வாய் திறப்பதற்குள், முதலாளியம்மா அந்த மௌனத்தையே பதிலாக எடுத்துக்கொண்டார். நாளையிலிருந்து வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

மதியம் அவள் தன் சாமான்களைப் பைக்குள் திணித்துக்கொண்டிருந்தபோது தம்பி ஆய்வுக்கூடத்துக்கு வந்தான். யாரும் இல்லையென்று சுற்றுமுற்றும் பார்த்துக்கொண்டான். பிறகு குரல் குழைந்தது.

"அக்கா, எனக்கு வேற வழி தெரியல. உனக்கு நான் இருக்கேன்ல? வா, சாப்பிடலாம்."

தோளில் அவன் வைத்த கையை, பல்லி விழுந்ததுபோல் உதறினாள்.

"எனக்குப் பசிக்கல சார். நீங்க போய்ச் சாப்பிடுங்க."