விறகுக் கற்கள்

மாசி மாதத்தில் அந்தத் தீவின் கல்பாங் ஆற்றில் முழங்காலளவு தண்ணீர்தான் ஓடும். அதைப் பார்த்துவிட்டு, சர்வேயர் கோவிந்தராஜ் தம் வரைபடத்தில் கரையை ஒட்டி ஒரு சிவப்புக் கோடு போட்டிருந்தார். வெள்ளம் அதற்கு மேல் ஏறாது என்று கணக்கு. கோட்டைத் தாண்டிய சமவெளியில் பர்மாவிலிருந்து வந்து, கடந்த மழைக்காலத்தை இங்கே முகாமில் கழித்த பன்னிரண்டு குடும்பங்களும் வீடு கட்டிக்கொள்ளலாம்.

மழைக்காலத்தில் தண்ணீர் எதுவரை வரும் என்று அவர் ஆண்களைக் கேட்காமல் இல்லை. "பயமே இல்ல சார்" என்று எல்லாரும் ஒரே குரலில் சொல்லிவிட்டார்கள். உண்மையைச் சொன்னால் அரசு ஒதுக்கிய நிலத்தை ரத்து செய்து வேறு தீவுக்குக் கப்பலேற்றிவிடுவார்களோ என்று பயம். ரங்கூனில் ஒருமுறை மூட்டை கட்டியது போதாதா? கரை மரங்களையும் வெட்டி எரித்தாகிவிட்டது. சேறு படிந்த தடம் பார்க்கக்கூட ஒரு மரம் மிச்சமில்லை.

அப்போதுதான் இந்திராணி தலையில் விறகோடு அவரைக் கடந்து போனாள். சமவெளியில் முதல் வீடு அவளுடையது. தூண் நட்டு, மூங்கில் தட்டி பாதிவரை கட்டியாகிவிட்டது.

"ஏம்மா, மரமே இல்லாத இடத்துல இவ்வளவு வெறகு ஏது?"

"ஆறு கொண்டாந்து போடுது சார். பொறுக்குறதுதான் எங்க வேல."

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

கோவிந்தராஜ் பென்சிலைக் காதில் செருகினார். "எங்க போடுதுன்னு காட்ட முடியுமா?"

"அவ ஏதாச்சும் உளறுவா சார்" என்று புருஷன் குழந்தைவேலு குறுக்கே வந்தான்.

இந்திராணி சுமையை இறக்கினாள். தன் வீட்டு உத்தரத்தில் தொட்டில் கட்ட வேண்டிய இடத்தைப் பார்த்தாள். முகாம் கொட்டகையில் தூங்கும் பிள்ளைக்கு இன்னும் ஒரு வயது ஆகவில்லை.

"காட்டுனா நெலத்தைப் பிடுங்கிருவீங்களா?"

"வயல் இங்கயே இருக்கட்டும், வீடு மட்டும் மேட்டுக்குப் போகட்டும்னு எழுதுவேன். ஆபீசுல கேப்பாங்கன்னு சத்தியம் பண்ண முடியாது."

சத்தியம் பண்ணாததாலேயே அந்த மனுஷரை அவளுக்கு நம்பத் தோன்றியது.

வெள்ளம் வடிந்ததும் பெண்கள் விறகுக்கு ஓடுவார்கள். வெள்ளம் ஏறி நின்ற ஓரத்தில் ஒதுங்கிய குவியல்மேல் ஒருத்தி கல்லைத் தூக்கி வைத்துவிட்டால் இன்னொருத்தி தொடமாட்டாள். விறகு தீர்ந்தாலும் கல் அங்கேயே கிடக்கும். இந்திராணி கூப்பிட்டதும் மங்கையர்க்கரசியும் பொன்னம்மாவும் மற்ற பெண்களும் வந்து ஆளுக்கொன்றாகக் காட்டினார்கள்.

"இது என்னுது சார். பக்கத்துல இருக்கறது பொன்னம்மாளோடது. பாருங்க, ராத்திரியோட ராத்திரியா நகத்தி வச்சிருக்கா!" என்றாள் மங்கையர்க்கரசி.

"அடி போடி, வெறகுத் திருடி!"

ஏழு கற்கள். ஒவ்வொன்றின் பக்கத்திலும் அளவுகோலை நிறுத்தி, முக்காலிமேல் இருந்த கருவியில் உயரம் பார்த்தார். ஏழும் ஒரு சாணுக்குள் ஒன்றுபோல வந்தன. அவர் போட்ட கோட்டைவிட ஐந்தடி உயரம்.

"இன்னும் இருக்கா?"

குழந்தைவேலு மனைவியை முறைத்தான். அவள் இல்லை என்று தலையசைத்தால் போதும், வீடு இங்கேயே நிற்கலாம். இந்திராணி பாதி கட்டிய வீட்டுக்குள் நுழைந்து மூலையைக் காட்டினாள். "என் கல்லு இங்க. அடுப்புக்குத் தோதா இருக்குன்னு நகத்தாம விட்டேன்."

கோவிந்தராஜ் அளந்தார். அதே உயரம். பழைய கோட்டை ரப்பரால் அழித்தார்.

குழந்தைவேலு இரண்டு நாள் அவளோடு பேசவில்லை. மூன்றாம் நாள் தானே போய்த் தட்டியை அவிழ்க்கத் தொடங்கினான். உத்தரவு சித்திரையில் வந்தது. வயல் கீழே, வீடு மேட்டில். பன்னிரண்டு குடும்பமும் சேர்ந்து இந்திராணி வீட்டுத் தூண்களை மேலே சுமந்தது.

ஆடியில் மூன்று நாள் மழை அடித்தது. சமவெளி முழுக்கத் தண்ணீர். மேட்டு வாசலில் நின்று எல்லாரும் பார்த்தார்கள். வடிந்ததும் முதலில் இறங்கியது குழந்தைவேலுதான். கீழேயிருந்து அவன் குரல் கேட்டது.

"ஏ இந்திராணி! உன் பழைய அடுப்படிக்கே வெறகு வந்திருக்குடி. ஓடியா, பொன்னம்மா கல்லோட கெளம்பிட்டா!"

இந்திராணி பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொண்டு சரிவில் ஓடினாள்.