ஒரு கரண்டிக்குத் தொண்ணூற்றைந்து

துறைமுகத்தில் அண்ணனுக்குக் கொக்கு என்று பெயர். பாரந்தூக்கியின் உச்சியில், நாற்பது மீட்டர் உயரத்துக் கண்ணாடிக் கூண்டில் உட்கார்ந்து நாள் முழுக்கத் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருப்பவனை வேறு என்னவென்று கூப்பிடுவார்கள்? பெயர் வைத்த காலத்தில் அவன் எழுபது கிலோ. இப்போது நூற்றாறு. பெயர் மட்டும்தான் பெருக்காமல் அப்படியே இருந்தது.

ஏணியில் ஏறும்போது கட்டிக்கொள்ளும் பாதுகாப்புப் பட்டை நூறு கிலோவரைதான் தாங்கும் என்று அதன் மேலேயே தைத்திருக்கிறது. பதினான்கு வருடமாக அதை யாரும் படித்ததில்லை. புதிதாக வந்த பாதுகாப்பு அதிகாரி வந்த இரண்டாம் நாளே படித்துவிட்டார். ஏழு வாரத்தில் நூறுக்குள் வந்தால் கூண்டு அவனுக்கு. இல்லையென்றால் தரையில் நின்று கொக்கி மாட்டும் வேலை. மேலே வேறு ஆள்.

அன்றைக்கே அண்ணன் கலோரி எண்ணும் செயலி ஒன்றைக் கைபேசியில் இறக்கிக்கொண்டான். அதற்குப் பிறகு அது சொன்னதுதான் அவனுக்கு வேதவாக்கு. வாயில் வைப்பதற்கு முன்னால் விரலை வைத்தான். ஒரு நாளைக்கு ஆயிரத்து எண்ணூறு கலோரி, அதற்கு மேல் ஒரு பருக்கை கிடையாது என்று வீட்டில் எல்லோருக்கும் அறிவித்தான்.

தங்கைக்கு அந்தச் செயலியைக் கண்டாலே எரிச்சல். அவள் ரொட்டி ஆலையில் உறை அச்சிடும் பிரிவில் வேலை செய்பவள். மாலையில் உணவுப் பரிசோதனை வகுப்புக்குப் போகிறவள். ஆலையில் ஒரு ரொட்டியின் உறையில் ஒரே ஒரு எண்ணைப் போடுவதற்கு மூன்று தடவை மாதிரி எடுத்து, உலர்த்தி, எரித்து, மூன்று பேர் கையெழுத்துப் போட வேண்டும். அவளோ அதற்குப் பிறகும் எண்ணை நான்காவது தடவை சரிபார்ப்பாள். தன் கண்ணையே நம்பாதவள். வகுப்பில் அவளுக்கு அளவுக்காரி என்று பெயர் வைத்ததே அதற்காகத்தான்.

செயலியில் அந்தத் தொல்லை எதுவும் இல்லை. முப்பது லட்சம் உணவுகள் இருக்கின்றனவாம். பதிந்தது யார் என்றால் போகிறவர், வருகிறவர், பேருந்துக்குக் காத்திருந்தவர் எல்லோரும். ஒரு வேகவைத்த முட்டைக்கு நாற்பதும் உண்டு, நானூறும் உண்டு, பிடித்ததை எடுத்துக்கொள்ளலாம். வெறும் தண்ணீருக்குப் பன்னிரண்டு கலோரி போட்டிருந்தார் ஒரு புண்ணியவான். அதையும் அறுபது பேர் சரி என்று அமுக்கியிருந்தார்கள். எத்தனை பேர் அமுக்கினார்களோ அத்தனை பெரிதாகப் பக்கத்தில் பச்சைக் குறி வரும். யாரும் எதையும் நிறுத்துப் பார்த்ததில்லை. ஒருவர் அளந்துவிட்டதை ஊரே ஆமோதிக்கிறது என்று அவள் சொன்னதற்கு, உனக்கு எதைத்தான் பிடித்தது என்றான் அண்ணன்.

ஐந்து வாரம் முடிந்தது. தராசு நூற்றேழு காட்டியது.

செயலி எட்டு கிலோ குறைந்திருக்க வேண்டும் என்றது. அப்படியானால் யாரோ பொய் சொல்கிறார்கள். பச்சைக் குறி போட்ட செயலி பொய் சொல்லாது, தராசுக்கும் பொய் சொல்லத் தெரியாது. மிச்சம் இருந்தது அண்ணன் ஒருவன்தான். துறைமுகத்தில் அவனுடைய சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்து பார்த்துச் சிரித்தார்கள். கொக்கு ஒளித்துவைத்து மீன் தின்கிறது என்று கூண்டின் ஏணியில் யாரோ எழுதிவைத்தார்கள். அண்ணி சிரிக்கவில்லை. அவனுடைய சட்டைப் பைகளைத் துழாவத் தொடங்கினாள். அதுதான் அவனுக்குப் பொறுக்கவில்லை. வேலை போனால் போகட்டும், பெண்டாட்டி முன்னால் திருடனாக நிற்க முடியாது என்று தங்கையிடம் வந்து சொன்னான்.

ஞாயிற்றுக்கிழமை காலை, அவன் சாப்பிடுவதை முதலிலிருந்து கடைசிவரை பார்ப்பது என்று அவள் அடுக்களையில் முக்காலி போட்டு உட்கார்ந்தாள். கையில் நோட்டு.

ஓட்ஸ் கஞ்சி. சர்க்கரை இல்லை, பால் இல்லை. பிறகு வேர்க்கடலை விழுது டப்பாவைத் திறந்தான். கஞ்சிச் சட்டியில் கிடந்த கரண்டியை எடுத்துக் கழுவித் துடைத்தான். விழுதை அதில் நிறைய அள்ளினான். ஒரு மணி கூடுதலாகப் போய்விடக் கூடாது என்று கத்தியின் முதுகால் மேலே வழித்துச் சமப்படுத்தினான். தங்கம் நிறுப்பவன்கூட அத்தனை கவனமாக இருக்க மாட்டான். கஞ்சியில் அதைக் கவிழ்த்துவிட்டுக் கைபேசியில் தட்டினான்: வேர்க்கடலை விழுது, ஒரு கரண்டி, தொண்ணூற்றைந்து கலோரி.

ராத்திரிக்கும் இப்படித்தானா என்று கேட்டாள். ராத்திரிக்கும் இப்படியேதான், ஒரு கரண்டிக்கு மேல் தொட்டதில்லை என்றான் பெருமையாக.

வகுப்பிலிருந்து இரவல் வாங்கிய தராசை அவள் எடுத்துவந்தாள். கரண்டியில் அதே போல் வழித்து நிறுத்தாள். எழுபது கிராம். தராசு பழுதோ என்று பிரிக்காத சர்க்கரைப் பொட்டலத்தை வைத்துப் பார்த்தாள், சரியாக இருந்தது. இன்னும் ஆறு தடவை நிறுத்தாள். அறுபத்தொன்பது, எழுபத்தொன்று, எழுபது. கணக்குப் போட்டால் நானூற்றுப் பதினைந்து கலோரி. இரண்டு வேளைக்கும் சேர்த்துச் செயலிக்குத் தெரியாமல் அறுநூற்று நாற்பது உள்ளே போய்க்கொண்டிருந்தது, கத்தியால் வழித்துச் சமப்படுத்தியபடி.

"தொண்ணூத்தஞ்சுன்னா அது பதினஞ்சு கிராம் பதினாறு கிராமுக்குண்ணா. ஸ்பூன் அளவு. இது கஞ்சி ஊத்துற கரண்டி."

"கரண்டின்னுதானே போட்டிருக்கு. ஸ்பூன்னா போட்டிருக்கு? நீயே படி."

"போட்டவங்க தப்பா போட்டிருக்காங்க."

"நாலாயிரத்து நூத்திப் பன்னெண்டு பேர் சரின்னு சொல்லியிருக்காங்க. அத்தனை பேரும் முட்டாளு, நீ ஒருத்திதான் பெரிய இவளா?"

அந்த நாலாயிரம் பேருக்கும் முதல் முட்டாள் யார் என்று பார்த்துவிடுவோம் என்று அவள் கைபேசியைப் பிடுங்கினாள். பதிவைத் திறந்து கீழே தள்ளினாள். சாம்பல் நிறத்தில், பொடி எழுத்தில் இருந்தது: முதலில் பதிந்தவர், அளவுக்காரி.

வேறு யாரோ அளவுக்காரியாக இருக்கக் கூடாதா என்று ஒரு கணம் நினைத்தாள். தேதியைப் பார்த்தாள். வகுப்பில் சேர்ந்த முதல் மாதம். ஒன்பது நாள் அந்தச் செயலியை வைத்திருந்து, எல்லாம் குப்பை என்று தூக்கி எறிந்திருந்தாள். அதற்கு முன்னால் அந்தக் குப்பையில் தானும் ஒரு கை போட்டிருக்கிறாள். வகுப்பில் வளையத்தில் கோத்த எஃகு அளவுக்கரண்டிகள் உண்டு. பெரியது பதினைந்து மில்லி. அதில்தான் அன்றைக்கு விழுதை அளந்தார்கள். நோட்டில் அளவுக்கரண்டி என்று முழுசாக எழுதியிருந்தாள். செயலியில் தட்டும்போது மட்டும் விரலுக்குச் சோம்பல். அளவுக்காரி விட்டுவிட்ட ஒரே சொல், அளவு.

அன்றைக்கு அவள் அதைப் பற்றி வாயைத் திறக்கவில்லை. எடையில் தனக்கு ஏதோ சந்தேகம், நாளைக்கு மறுபடியும் பார்க்கிறேன் என்று மழுப்பினாள். இரவு அண்ணன் இன்னொரு கரண்டி விழுதை வழித்துச் சமப்படுத்தியதை அவள் பார்த்தாள். அப்போதும் சொல்லவில்லை.

திங்கட்கிழமை சாயங்காலம், வேலைவிட்டு வந்த அண்ணனின் பையை வாசலிலேயே வாங்கி அண்ணி மேசையில் கொட்டினாள். கையுறை, சாவி, காலிப் பெட்டி. எங்கே ஒளித்துத் தின்கிறாய் என்று கேட்கக்கூட இல்லை. அண்ணன் செருப்பைக் கழற்றாமல் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"அண்ணன் ஒளிச்சுத் தின்னலண்ணி," என்றாள் தங்கை. "நான்தான் ஊட்டியிருக்கேன்."

தராசு, எஃகு அளவுக்கரண்டி, கஞ்சிக் கரண்டி மூன்றையும் மேசையில் வைத்து, விழுதை அள்ளிக் காட்டினாள். பொடி எழுத்தில் இருந்த பெயரையும் காட்டினாள். அண்ணி இரண்டு கரண்டிகளையும் இரண்டு கையில் பிடித்து வெகுநேரம் பார்த்தாள். பிறகு கையுறையையும் சாவியையும் ஒவ்வொன்றாகப் பைக்குள் திரும்ப வைத்தாள். அண்ணன் தங்கையைப் பார்த்தான்.

"முந்தாநேத்து வரைக்கும் அந்தச் செயலியைத் திட்டினியே," என்றான். அவ்வளவுதான்.

செயலியைத் தன் கைபேசியில் மறுபடியும் இறக்கி, பதிவைத் திருத்த அவள் அன்றே உட்கார்ந்தாள். கரண்டி என்பதை அளவுக்கரண்டி என்று மாற்றி அனுப்பினாள். உங்கள் திருத்தம் பெரும்பான்மைப் பயனர்களின் கருத்துக்கு முரணாக இருப்பதால் ஏற்கப்படவில்லை என்று பதில் வந்தது. பதிந்தவள் நான்தான் என்று எழுதினாள். நன்றி, உங்கள் கருத்து எங்களுக்கு முக்கியம் என்றது. தராசின் படத்தை அனுப்பினாள். அதற்கும் நன்றி என்றது.

மீதி இரண்டு வாரமும் அண்ணன் தராசில் நிறுத்தே சாப்பிட்டான். படியேறி இறங்கினான். நூற்றேழிலிருந்து நூற்றிரண்டரைக்கு வந்தான். உடம்பால் அதற்கு மேல் ஆகவில்லை. அதிகாரி முன்னால் மேடைத் தராசில் ஏறி நின்றபோது, அவன் அழிக்க மறந்திருந்த செயலி பையில் மணி அடித்தது. வாழ்த்துகள், உங்கள் மதிப்பிடப்பட்ட எடை தொண்ணூற்றெட்டு. அண்ணன் அதை அதிகாரியிடம் நீட்டி, கூண்டுக்கு இதை அனுப்புங்கள், இது நூறுக்குள்தான் இருக்கிறது என்றானாம். அதிகாரி சிரித்துவிட்டு மூன்று மாதத்துக்குத் தரை வேலை என்று எழுதினார்.

தரையில் முதல் வாரம் முடிந்த சனிக்கிழமை, கழுத்து வலிக்கிறது என்று அண்ணன் எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தான். பதினான்கு வருடம் குனிந்து பார்த்த கழுத்து. இப்போது அண்ணாந்து பார்க்க வேண்டியிருக்கிறது. அப்போது தங்கையின் கைபேசிக்குச் செயலியிலிருந்து ஒரு படம் வந்தது. மஞ்சள் நிறப் பதக்கம்: உங்கள் பதிவு ஐயாயிரம் பேருக்கு உதவியிருக்கிறது. மறைத்துவிடலாமா என்று யோசித்து, பிறகு அவனிடமே நீட்டினாள்.

எண்ணெய்க் கையோடு வாங்கிப் படித்தான்.

"கழுத்துல மாட்டிக்கோ," என்றான். "எத்தனை கிலோ தாங்கும்னு மட்டும் படிச்சுட்டு மாட்டு."