கார்டைத் தாங்கிய விரல்கள்

உக்கிரபாண்டி ஏழாயிரம்பண்ணைப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் ஃபோர்மேன். இருபத்திரண்டு வருஷம் வெடிமருந்தோடு புழங்கியும் பத்து விரலும் முழுசாக இருக்கிற மனுஷன். அதில் அவருக்குக் கொஞ்சம் பெருமை உண்டு. இருந்துவிட்டுப் போகட்டும், பெருமைப்பட வேறென்ன இருக்கிறது அவரிடம்? மனைவி செல்லத்தாய் மஞ்சள் காமாலையில் போய் நாலு வருஷம் ஆகிறது. ஒரே மகன் காளீஸ்வரன் கோயம்புத்தூரில் இன்ஜினியரிங் படிக்கிறான்.

சீசன் நேரத்தில் அவருக்குத் தனிமை தெரியாது. சோறு தின்னவே பொழுது கிடைக்காது. தீபாவளி முடிந்து கம்பெனியைப் பூட்டினால்தான் வந்தது வினை. வீட்டுச் சுவரில் எத்தனை விரிசல் என்று அவருக்கு மனப்பாடம். போன வருஷம் அந்த லீவுக்கு மகன் வரவே இல்லை. நம் வீட்டுக் கம்ப்யூட்டரில் கேம் எதுவும் ஓடாது, சிநேகிதன் வீட்டில் நல்ல சிஸ்டம் இருக்கிறது என்று போனில் சொல்லி முடித்துவிட்டான்.

அது அச்சாபீஸ் ஒன்றில் லேபிள் டிசைன் பண்ணிக் கழித்துப்போட்ட கம்ப்யூட்டர். இரண்டாயிரத்து ஐந்து தீபாவளிக்கு மறுவாரம் உக்கிரபாண்டி சிவகாசிக்கு பஸ் ஏறி, அதில் கேம் ஓடுவதற்கென்று ஒரு கிராபிக்ஸ் கார்டு வாங்கி வந்தார். கார்டு வாங்கியாச்சு என்று மகனுக்குப் போன் போட்டார். பத்து நாள் லீவுக்கு வருகிறேன் என்றான். மனுஷனுக்குத் தலைகால் புரியவில்லை.

கார்டை அவரே மாட்டினார். கம்பெனியில் மருந்து அறைக்குள் நுழையுமுன் செம்புத் தகட்டைத் தொட்டு உடம்பு மின்சாரத்தை இறக்குவது பழக்கம். இங்கே ஜன்னல் கம்பியைத் தொட்டுவிட்டு உட்கார்ந்தார். மருந்து அறைக்கு இன்னொரு சட்டமும் உண்டு: எதையும் அழுத்தக்கூடாது. அழுத்தியவர்கள் பலபேர் படமாகச் சுவரில் தொங்குகிறார்கள். ஆகவே கார்டைப் பூப்போல, அதைச் செருகுகிற ஸ்லாட்டின் மேல் வைத்துவிட்டு சுவிட்சைப் போட்டார். திரை இருட்டாகவே இருந்தது.

மறுநாள் கடைக்கார மெக்கானிக் பால்பாண்டி வந்து, இப்படித் தடவிக் கொடுத்தால் கார்டு எப்படி உட்காரும் என்று சிரித்துவிட்டு ஓங்கி அழுத்தினார். அப்போதும் படம் வரவில்லை. டார்ச் அடித்துப் பார்த்தால், ஸ்லாட்டின் ஓரம் விரிந்து, கார்டைக் கவ்விப் பிடிக்கிற கொக்கி எப்போதோ ஒடிந்து போயிருந்தது. கார்டின் நுனியை விரலால் தாங்கினால் படம் வந்தது, விட்டால் போனது. பெட்டியைப் படுக்கப் போட்டாலும் அதே கதைதான். போர்டையே மாற்றணும், இந்த மாடல் இப்போ வருவதில்லை என்று சொல்லிவிட்டு பால்பாண்டி கிளம்பினார்.

வந்து பார்த்ததும் காளீஸ்வரனுக்கு முகம் தொங்கிப்போனது. உக்கிரபாண்டி திறந்த பெட்டியின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். விரலைக் கொடுத்துக் கார்டைத் தாங்கினார். திரையில் கார்கள் பாய்ந்தன.

"அப்பா, கைய எடுத்துராதீக" என்றான் மகன்.

அவர் ஏன் எடுக்கப்போகிறார்? மகனின் முழங்கால் அவர் தோளில் இடித்துக்கொண்டிருந்தது. இந்த வளைவில் பார்த்துப் போ என்று அவர் சொல்ல, அவன் சிரித்தான். காலையில் இரண்டு மணி நேரம், சாயங்காலம் மூன்று மணி நேரம். கார்டு சுட்டது, தோள்பட்டை கடுத்தது. செல்லத்தாய் போன பிறகு அவர் இவ்வளவு சந்தோஷமாக இருந்ததில்லை.

ஒன்றைச் சொல்லாமல் விட்டால் எனக்குத்தான் பாவம். சரவெடிக்குக் கட்டுகிற நூல் இரண்டு சுற்று, பெட்டிச் சட்டத்தோடு சேர்த்து இழுத்து ஒரு முடிச்சு. கார்டு ஆயுசுக்கும் அசையாது. பால்பாண்டி டார்ச் அடித்த அன்றே அது உக்கிரபாண்டிக்குத் தெரியும். அலமாரி நிறைய நூல் இருந்தது. அவர் வாயைத் திறக்கவில்லை.

ஐந்தாம் நாள் மத்தியானம் சாப்பிடும்போது, பிசைந்த சோறு வாய்க்குப் போகாமல் இலையில் விழுந்தது. மறுபடி எடுத்தார், மறுபடியும் விழுந்தது. வலது கை நடுங்கிக்கொண்டிருந்தது. காளீஸ்வரன் சாப்பிடுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தான். மருந்து அளக்கிற கை அது.

அன்று அவன் கம்ப்யூட்டர் பக்கமே போகவில்லை. மறுநாள் காலையில் பையைக் கட்டி வைத்திருந்தான். லீவு இன்னும் நாலு நாள் இருக்கிறதே என்று அவர் கேட்டார்.

"நா இங்கன இருந்தா நீங்க அதப் புடிச்சுக்கிட்டேதான் இருப்பீக. அடுத்த வாரம் கம்பெனி தெறக்குது. இந்தக் கையோட மருந்தத் தொடுவீகளா?"

நல்ல பிள்ளை. அதுதான் அவர் நெஞ்சை அறுத்தது. சாத்தூர் பஸ்ஸுக்கு நிற்கும்போது பையைத் தானே தூக்கிக்கொண்டார். இதற்குமேல் மறைத்தால் சாமிக்கே ஆகாது என்று தோன்றியது.

"ஏலே, நூலு கட்டுனா நிக்கும். மொத நாளே எனக்குத் தெரியும்."

காளீஸ்வரனுக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் முகம் சிவந்தது. "பெறகு எதுக்குப்பா அம்புட்டு நேரம் கைய வச்சுக்கிட்டு இருந்தீக?"

"ஒம் பக்கத்துல இருக்கலாம்னுதான்லே."

பஸ் வந்து நின்றது. கண்டக்டர் அவசரப்படுத்தினார். அவன் ஏறி, ஜன்னலோரம் உட்கார்ந்து, வெளியே தலையை நீட்டினான்.

"சும்மா வந்து உக்காந்திருக்கலாம்லப்பா. நா வேண்டாம்னா சொல்லப்போறேன்?"

விசில் ஊதி பஸ் கிளம்பிவிட்டது. அப்படியும் உட்காரலாம் என்பது உக்கிரபாண்டிக்கு அதுவரை தோன்றியதே இல்லை. ஒரு வேலையும் இல்லாமல் ஓர் ஆளின் பக்கத்தில் எப்படிப் போய் உட்காருவது, என்ன சொல்லி உட்காருவது என்று நடந்துகொண்டே யோசித்தார். வீட்டுக்கு வந்து கதவைத் திறக்கும்போது பதில் கிடைத்தது: ஒன்றும் சொல்ல வேண்டியதில்லை. உள்ளே போய், மகன் உட்கார்ந்து விளையாடிய நாற்காலிப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். நாற்காலி காலியாக இருந்தது.